அவிழ்க்காத டிரெய்லர்

பிக்கப்பு வண்டிக்குப் பின்னால் டிரெய்லரைக் கட்டி இழுப்பது எல்லோருக்கும் கைவந்துவிடாது. ஜீப்பு ஓட்டுகிறவன் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்வான். அவனிடம் டிரெய்லரைக் கொடுத்து, பத்தடி பின்னால் போகச் சொல்லிப் பாருங்கள், வேர்த்துவிடும். ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் வலது பக்கம் போகும். மலை ரோட்டில் வளைவை அகலமாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டிரெய்லரின் உள்பக்கச் சக்கரம் பாறையில் ஏறிவிடும். பாரத்தை முன்பக்கம் கூட்டி ஏற்ற வேண்டும். பின்னால் கூடிப்போனால் இறக்கத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். ஆடும்போது பயந்துபோய் பிரேக்கை மிதித்தால் வண்டியையே புரட்டிப் போட்டுவிடும்.

இதையெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. விருதுநகரில் பருப்பும் வத்தலும் ஏற்றி மூணாறு வரை போயிருக்கிறேன். ஏலக்காய் மூட்டையோடு கொச்சி வரை போயிருக்கிறேன். பழைய மிலிட்டரி பிக்கப்பு, டிராக்டர் அச்சில் போடி பட்டறையில் செய்த டிரெய்லர், இரண்டையும் வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷம் ஓட்டினேன். போடியில் டிரெய்லர் சீனிச்சாமி என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். முன்கோபி என்றும் சேர்த்தே சொல்லும்.

இவ்வளவு பீற்றிக்கொள்கிற நான், ஐந்து நிமிஷ வேலை ஒன்றைச் செய்யாமல் விட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

டிரெய்லரை வண்டியிலிருந்து அவிழ்ப்பதுதான் அந்த வேலை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். முன்பக்கத்துத் தாங்கு காலை இறக்கிவிட வேண்டும். காவல் சங்கிலியைக் கழற்றி, கொக்கியில் செருகிய ஆணியை உருவினால் வண்டி தனி, டிரெய்லர் தனி. மழையில் செய்திருக்கிறேன். காய்ச்சலோடு செய்திருக்கிறேன். ஒருதடவை கோபத்தில், லோடு ஏற்றிவிட்ட கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டே, டிரெய்லரை அவர் கடை வாசலிலேயே அவிழ்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

எழுபத்தேழு தை மாதம், ஒரு புதன்கிழமை. மூத்தவள் அன்னக்கொடிக்குக் கல்யாணமாகி மூன்று வாரம். மாப்பிள்ளை ராஜாராமுக்குச் சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை. தோட்டத்தில் தனிவீடு கொடுத்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே காத்திருக்க, கட்டில், பீரோ, அண்டா, குத்துவிளக்கு, மெத்தை எல்லாவற்றையும் நான் கொண்டுபோக வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் சீர் வாசலில் இறங்கியாக வேண்டும்.

காலையில் கிளம்பும்போது என் மனைவி குருவம்மாள் சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள். "வழியில எங்கயும் அவுத்துறாதீக" என்றாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமென்பதில்லை. எங்கள் பக்கத்தில் மாட்டு வண்டி காலத்திலிருந்து உள்ள பழக்கம் அது. சீர் ஏற்றிய வண்டியைச் சம்பந்தி வீட்டு வாசலைத் தொடும் முன் அவிழ்க்கக் கூடாது, திருப்பக் கூடாது. அப்படிச் செய்தால் பெண் அங்கே நிலைக்க மாட்டாள், பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாள் என்பார்கள். மாடு போய் என்ஜின் வந்த பிறகும் அந்தப் பயம் மட்டும் அப்படியே கொக்கியில் வந்து மாட்டிக்கொண்டது.

மற்றவர்களுக்கு அது பேச்சு. எனக்கு அது என் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. என் தங்கை ஜக்கம்மாள் அப்போது கொல்லைப்புறக் கதவோரமாக நின்றிருந்தாள். நல்ல காரியத்துக்கு முன்னால் அவள் வந்து நிற்பதில்லை.

அவளைத் தேவாரம் என்கிற ஊரில் கட்டிக் கொடுத்தபோது சீர் வண்டியை ஓட்டியவன் நான். எனக்கு இருபது வயது. பொட்டிபுரம் தாண்டி ஓர் ஓடையில் இறங்கும்போது அச்சு முறிந்தது. மாட்டை அவிழ்த்தேன். பக்கத்துக் காட்டுக்காரரிடம் வேறொரு வண்டி வாங்கி, சாமான்களை மாற்றி ஏற்றிக்கொண்டு போனேன். பதினாலாவது மாதம் ஜக்கம்மாள் ஒரு மஞ்சப்பையோடு திரும்பி வந்தாள். பிறகு போகவே இல்லை. அச்சு முறிந்த அன்றைக்கே நினைத்தோம் என்று நாலு பேர் சொன்னார்கள். முதல்நாள் அச்சைப் பார்த்து மசகு போட வேண்டியவன் நான்தான். போட்டேனா என்பது எனக்கு இன்றுவரை ஞாபகமில்லை. இருபது வருஷமாக அவள் சோறு போட்டு வைக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

என் மைத்துனன் சின்னச்சாமி, குருவம்மாளின் தம்பி, டிரெய்லரில் ஏறிக்கொண்டான். கட்டை போடுகிற வேலை அவனுடையது. ஏற்றத்தில் வண்டி திணறி நின்றால் பின்னால் சரியும், சரிந்தால் டிரெய்லர் மடங்கிப் பள்ளத்துக்குத் திரும்பும். அது நடக்கும் முன்பே குதித்து, சக்கரத்துக்கடியில் கட்டையைத் தள்ள வேண்டும். அதில் அவனை அடிக்க ஆளில்லை. நான் கியரை மாற்றுகிற சத்தத்தை வைத்தே குதிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுவான்.

அடிவாரத்து முந்தல் கிராமத்தைத் தாண்டி மலை ஏறினோம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு இடத்தில் நின்றோம். எதிரே ஏலக்காய் மூட்டையோடு ஜீப்புகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. அன்று போடியில் ஏலக்காயை ஏலம் விடுகிற நாள். மேடு என்று நாங்கள் சொல்கிற, மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டிலும் அதைச் சுற்றிலும் உள்ள ஜீப்பெல்லாம் விடிந்ததும் கீழே இறங்கிவிடும். ஏலம் முடிந்து மூன்று மணிக்கு மேல்தான் ஏறும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணி இருக்கும். பதினோராவது வளைவை அகலமாக எடுத்துத் திரும்பினால், நடு ரோட்டில் ஆட்கள். நாலு பேர் ஒரு கம்பில் கம்பளியைத் தொட்டில் மாதிரி கட்டித் தூக்கி வந்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பாதை அங்கேதான் ரோட்டில் வந்து சேரும். முன்னால் நின்றவன் இரண்டு கையையும் தூக்கினான். வண்டியை நிறுத்தினேன். நிறுத்தி முடிப்பதற்குள் பின்னால் கட்டை விழுந்த சத்தம் கேட்டது.

"அண்ணே, எம் பொண்டாட்டிண்ணே. நேத்து சாயந்தரம் நோவு கண்டுச்சு. பிள்ள குறுக்க கெடக்குதாம். போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்கன்னு மருத்துவச்சி சொல்லிருச்சு" என்றான். அவன் பெயர் அழகுமலை என்பது பிறகு தெரிந்தது.

"தோட்டத்து ஜீப்பு எங்கப்பா?"

"ஏலத்துக்கு லோடு ஏத்திட்டுப் போயிருச்சுண்ணே. கண்ட வண்டியெல்லாம் மூட்டையோட போகுது. கைய காட்டுனா நிக்க மாட்டேங்குறாக."

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். பெண்ணுக்கு இருபது வயதுகூட இராது. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் இரண்டு கையிலும் முழங்கை வரை இருந்தது. வலி வரும்போது கம்பளியின் ஓரத்தைப் பிடித்து முறுக்கினாள், வளையல் எல்லாம் சேர்ந்து கலகலத்தது. வலி விட்டதும் கண்ணைத் திறந்து டிரெய்லரைப் பார்த்தாள். கட்டிலின் கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

"சீராண்ணே?" என்றாள்.

"ஆமாத்தா. எம் மகளுக்கு."

"நல்லா இருக்கட்டும்" என்றாள். அடுத்த வலி வந்துவிட்டது.

சின்னச்சாமி அதற்குள் டிரெய்லரின் நாலு பக்கமும் கட்டை கொடுத்துவிட்டான். தாங்கு காலில் கை வைத்துக்கொண்டு, "மச்சான், ஆணிய உருவுங்க. நான் இங்கன காவலுக்கு இருக்கேன். நீங்க வெரசா கீழ எறக்கி விட்டுட்டு வாங்க" என்றான்.

"சீரு வண்டிடா" என்றேன்.

"அதுக்கு?"

"தெரியாதவன் மாதிரி கேக்காத."

"மச்சான், உசுருக்குப் போராடுது அங்க."

"எனக்குத் தெரியும்டா, நீ ஒஞ் சோலியப் பாரு" என்று கத்தினேன். கோபம் எனக்கு எப்போதும் நல்ல சௌகரியம். அதை எடுத்து முன்னால் வைத்துவிட்டால் பின்னால் இருக்கும் பயம் யாருக்கும் தெரியாது. உண்மையில் அந்த நிமிஷம் என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் பெண் இல்லை. மஞ்சப்பையோடு அன்னக்கொடி வாசலில் வந்து நிற்கிறாள், நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறேன், அதுதான் தெரிந்தது.

அழகுமலையிடம் திரும்பிச் சொன்னேன்: "இங்கன கெடந்து மல்லுக்கட்டுறதுக்குள்ள நான் மேட்டுக்குப் போயிருவேன். அங்க ஜீப்பு நிக்கும். ஒடனே ஒண்ண அனுப்பி வைக்கிறேன். நீங்க பைய எறங்கிக்கிட்டே இருங்க, வழியில வந்து ஏத்திக்கிருவான்."

அவன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

மேட்டில் ஜீப்பு இருக்காது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். இதை நான் குருவம்மாளிடம்கூடச் சொன்னதில்லை. ஒருவேளை ஏதாவது ஒன்று ரிப்பேராகியாவது நிற்காதா என்று மனதுக்குள் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கியரைப் போட்டேன்.

போடிமெட்டு ஸ்டாண்டு துடைத்து வைத்தது போலக் காலியாக இருந்தது. டீக்கடையில் கேட்டேன். "ஏல நாளுல ஜீப்பு கேக்குறீகளே, ஒங்களுக்குத் தெரியாததா?" என்று கடைக்காரர் சிரித்தார். சின்னச்சாமி டிரெய்லரை விட்டு இறங்கி, காலி ஸ்டாண்டை ஒருதடவை பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். திரும்ப ஏறிக்கொண்டான்.

பதினொன்றேகாலுக்குச் சாந்தன்பாறை. அன்னக்கொடி ஆரத்தித் தட்டோடு நின்றாள். சீர் இறங்கியது. நல்ல நேரத்தில், ஓரிடத்திலும் அவிழ்க்காமல், திருப்பாமல் கொண்டுவந்துவிட்டேன் என்று அங்கே வந்திருந்த சம்பந்திகள் மெச்சினார்கள். மகள் காபி கொண்டு வந்தாள். நான் குடிக்கவில்லை. வாசலிலேயே கட்டை கொடுத்து, ஆணியை உருவி டிரெய்லரை விட்டுவிட்டு, வெறும் வண்டியைத் திருப்பினேன். கூப்பிடாமலே சின்னச்சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டிரெய்லர் இல்லாத வண்டி சிட்டாகப் பறந்தது. அன்றைக்கு அது பறந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

கீழிருந்து மூன்றாவது வளைவில் அவர்களைப் பார்த்தேன். ரோட்டோரப் புங்க மரத்தடியில் கம்பளியை இறக்கி வைத்திருந்தார்கள். ஓர் ஆள் பீடி பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்தான். அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவசரம் இருக்கிறவர்கள் அப்படி உட்கார மாட்டார்கள்.

தாயும் போய்விட்டது, பிள்ளையும் போய்விட்டது. நாலாவது வளைவிலேயே முடிந்துவிட்டதாம். முகத்தை மூடியிருந்தார்கள். ஒரு கை மட்டும் வெளியே கிடந்தது, வளையலோடு.

அழகுமலை எழுந்து வந்தான். சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மேட்டுல ஜீப்பு கெடைக்கலையாண்ணே?" என்று கேட்டான்.

"கெடைக்கலப்பா" என்றேன்.

"நீங்க என்ன செய்வீக, பாவம்."

வண்டியின் பின்கதவைத் திறந்தேன். "ஏத்துங்கப்பா. தோட்டத்துல கொண்டுவந்து விட்டுர்றேன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "வேணாம்ணே. நல்ல காரியத்துக்கு வந்த வண்டி. இதுல போயி இத ஏத்தக் கூடாது. ஒங்க மகளுக்கு ஆகாது. நாங்க தூக்கிக்கிருவோம்."

வற்புறுத்தியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். நானோ பின்கதவைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன். என் மகளுக்காக நான் பார்த்த அதே கணக்கை அவனும் என் மகளுக்காகப் பார்த்துவிட்டான் என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. நாலு பேர் கம்பைத் தூக்கப் போனபோது சின்னச்சாமி வண்டியிலிருந்து இறங்கி, பீடி பிடித்தவனை ஒதுக்கிவிட்டுத் தோள் கொடுத்தான். அவர்கள் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சின்னச்சாமி இரண்டு நாள் கழித்து ஊருக்கு வந்தான். அந்தப் பெண்ணின் பெயர் சோலையம்மாள் என்று அவன்தான் அக்காவிடம் சொன்னான். அதற்குப் பிறகு என் டிரெய்லரில் அவன் ஏறவில்லை. எட்டு வருஷத்தில் கட்டை போட ஐந்தாறு ஆட்களை மாற்றினேன். ஒருவனும் சரியில்லை.

அன்னக்கொடி அங்கே நன்றாக இருந்தாள். மாப்பிள்ளை தங்கமானவர். இரண்டு பிள்ளைகள். சீர் அவிழ்க்காமல் போன ராசி என்று குருவம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் வளையல் சத்தத்தோடு "நல்லா இருக்கட்டும்" என்ற குரல் எனக்குக் கேட்கும்.

எண்பத்தைந்து ஆவணியில் இளையவள் ராமுத்தாய்க்குப் பூப்பாறையில் சம்பந்தம் முடிந்தது. அதே பிக்கப்பு, அதே டிரெய்லர், அதே மலை. தாய்மாமன் சீரோடு போகாமல் இருக்க முடியாது என்பதால் சின்னச்சாமி வந்திருந்தான். கட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் டிரெய்லருக்குப் பக்கத்தில் நின்றான். குருவம்மாள் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நிமிர்ந்தாள். "போன தடவ மாதிரியே வழியில எங்கயும் அவுத்துறாதீக" என்றாள்.

"போன தடவ மாதிரியா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஒருத்தி செத்துப் போனாளேடி!"

"ஆமா, பாவந்தான். அதுக்காக? ஒங்க தங்கச்சி திரும்பி வந்து நிக்கலையா? அச்சு முறிஞ்சு மாட்ட அவுத்ததாலதான?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கொல்லைப்புறக் கதவு திறந்தது. ஜக்கம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நல்ல காரியத்துக்கு முன்னால் வராதவள் நேராக வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நான் அச்சு முறிஞ்சு வரல" என்றாள். "அந்த ஆளு அடிச்சான். குடிச்சா அடிப்பான், குடிக்காட்டியும் அடிப்பான். பிள்ளையோட இருந்தப்ப வயித்துல மிதிச்சான். அதான் வந்தேன்."

குருவம்மாளை ஒருதடவை பார்த்துவிட்டுத் திரும்ப என் பக்கம் திரும்பினாள்.

"வந்தன்னைக்கே நீங்க எல்லாரும் அச்சு, அச்சுன்னீக. மிதிச்சதச் சொன்னா, அனுசரிச்சுப் போன்னு கொண்டு போயி விட்டுருவீக. அச்சுன்னா யாரும் என்னையத் திருப்பி அனுப்ப மாட்டீக. அதான் நானும் வாய மூடிக்கிட்டேன். எனக்கு வேற வழி தெரியல. நீங்க அத மனசுல போட்டுக்கிட்டு மலையில ஒருத்தியச் சாகவிடுவீகன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"எட்டு வருசமா ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க ஏன் கேக்கல? முப்பது வருசமா ஏன் வந்தேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீகளா?"

கேட்டதில்லை. ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. நான் தலையைக் குனிந்து சாப்பிட்டதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பதினோராவது வளைவில் என் கை நேராக ஆணிக்குப் போயிருக்கும். இதை இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? வண்டியைக் கிளப்பினேன்.

மலை ஏறும்வரை ஒன்றும் யோசிக்கவில்லை. பதினோராவது வளைவை அகலமாக எடுத்துத் திரும்பி, தோட்டத்துப் பாதை வந்து சேரும் இடத்தில் நின்றேன். பின்னால் கட்டை விழுந்தது. இறங்கிப் போனேன். சின்னச்சாமி என்னைப் பார்த்தான், நான் கொக்கியைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. மற்றக் கட்டைகளையும் கொடுத்துத் தாங்கு காலை இறக்கினான். நான் சங்கிலியைக் கழற்றினேன். ஆணியை உருவினேன். வண்டியில் ஏறிப் பத்தடி முன்னால் போய் நிறுத்தினேன். கட்டிலும் பீரோவுமாக டிரெய்லர் ரோட்டோரத்தில் தனியாக நின்றது.

ரோட்டில் யாரும் இல்லை. பாதையிலிருந்தும் யாரும் வரவில்லை. ஐம்பது வயதில் அந்த இடத்தில் நான் விக்கி விக்கி அழுதேன்.

சின்னச்சாமி நடந்து வந்து ஜன்னல் பக்கம் நின்றான். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவுக்க நாலு நிமிசம் மச்சான்" என்றான்.

வண்டியைப் பின்னால் எடுத்துக் கொக்கியைத் திரும்ப மாட்ட எனக்குத்தான் வெகுநேரம் ஆனது.